கட்டான் மூச்சு விடாது

மாலை நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றி, முழங்கை வரை கை கழுவி, நீல அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். சட்டைப்பையில் என் மகளின் மஞ்சள் கேம் பெட்டி இருந்தது. உள்ளங்கை அளவுதான். அவள் ஸ்டிக்கராக ஒட்டித் தள்ளியிருந்ததில் பின்பக்க மூடி எது, பெட்டி எது என்றே தெரியாது.

நர்ஸ்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

"பாப்பாவுக்குப் பிடிச்ச சத்தம் ஏதாவது இருந்தா காதுகிட்ட வைங்க சார். உள்ளுக்குள்ள கேக்கும்னு சொல்றாங்க."

கேட்குமோ கேட்காதோ, எனக்குத் தெரியாது. பத்தொன்பது நாளாகக் கண் திறக்காத பிள்ளைக்காகத் தலைகீழாக நில் என்று சொல்லியிருந்தாலும் நின்றிருப்பேன்.

வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பது வயது. ஓரிடத்தில் உட்கார வைக்க இரண்டு ஆள் வேண்டும். அப்படிப்பட்டவள் வாயில் குழாயோடு, மல்லாந்து, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரிக் கிடந்தாள். பக்கத்தில் மூச்சு மெஷின் ஸ்ஸ் என்று ஏற்றி, க்ளக் என்று இறக்கியது. மருந்து வாடைக்கு நடுவே அவள் தலைமுடி வாசனை எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இல்லை.

என் மனைவி கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நம்பர் இன்னும் இறங்குதுங்க," என்றாள் மெதுவாக. "நேத்து எழுபத்தி ரெண்டு. இப்ப அறுபத்தஞ்சு."

திரையில் ஓடிய இதயத் துடிப்பைத்தான் சொன்னாள். ஸ்கேன் சுத்தம், ரத்தம் சுத்தம், மூளை நன்றாக இருக்கிறது என்றெல்லாம் டாக்டர் சொல்லியாயிற்று. "ஆனா தானா மூச்சு விட மாட்டேங்குறா" என்பார் கடைசியில், ஏதோ இவள் அடம்பிடிக்கிற மாதிரி. எனக்கு வருகிற கோபத்துக்கு அந்த ஆளின் கழுத்தில் தொங்குகிற ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கலாம் போலிருக்கும். பிடுங்கி என்ன செய்ய?

கேம் பெட்டியை ஆன் செய்து அவள் காதருகே வைத்தேன்.

என் தொழில் ரிப்பேர். ஃபோன், ரிமோட், முக்கியமாகப் பழைய கேம் பெட்டிகள். பள்ளி விட்டதும் வாலு கடைக்கு வந்து, என் பட்டறை மேசைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து இதைத்தான் நோண்டுவாள். காடு மேடெல்லாம் சுற்றிப் பிராணிகளைப் பிடித்து வளர்க்கிற விளையாட்டு. பிடித்ததற்கெல்லாம் நாமே பெயர் வைக்கலாம். மீசை வைத்த முள்ளம்பன்றிக்கு அப்பா என்று வைத்திருந்தாள். எப்போதும் கத்துகிற ஒரு பறவைக்கு அம்மா. ஒரு பச்சைத் தவளைக்கு வாலு, தன் பெயரையே.

நூற்று ஐம்பதுக்கு மேல் பிராணிகள். எல்லாம் பிடித்துவிட்டாள், ஒன்றைத் தவிர. அதற்குக் கட்டான் என்று பெயர். சதுரத் தலை, சதுரக் கண், கட்டம் கட்டமாக உடம்பு. மற்றதெல்லாம் முட்டையில் பிறந்தவை, இது கணினியில் மனிதர் செய்தது என்று விளையாட்டுப் புத்தகம் சொல்லும். அதைக் காட்டில் பிடிக்க முடியாது. வைத்திருக்கிறவரிடம், இரண்டு பெட்டிக்கும் நடுவே கேபிள் மாட்டி, ஒன்றைக் கொடுத்து அதை வாங்க வேண்டும்.

திரையில் அவளுடைய பட்டியல் வந்தது. அதில் கட்டான் இருந்தது.

எப்போது வாங்கினாள்? யாரிடம்? அதை அழுத்தினேன். படத்துக்குக் கீழே புத்தகக் குறிப்பு வந்தது. "மனிதர் செய்த உயிர். மூச்சு விடாது. ஆகவே எங்கும் போகும்."

அதன் மார்பு ஏறி இறங்கியது.

நன்றாகப் பார்த்தேன். இந்த விளையாட்டை எத்தனை வருடமாகத் திறந்து மூடுகிறேன், கட்டான் அசையாது. சிலை மாதிரிதான் நிற்கும். இது ஏறியது. இறங்கியது. நான் மெஷினைப் பார்த்தேன்.

ஸ்ஸ். கட்டான் ஏறியது.

க்ளக். கட்டான் இறங்கியது.

"ஏங்க, ஏன் வெளிறிப் போயிட்டீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லம்மா."

சதுரக் கண் இரண்டும் என் பக்கம் திரும்பின. பெட்டியை அணைக்கவில்லை. சட்டைப்பையில் அப்படியே போட்டுக்கொண்டு எழுந்தேன்.

வெயில் இறங்கவில்லை, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழி நெடுக ஒரே நினைப்பு. அன்றைக்கு அவள் கையில் கேபிள் இருந்தது.

அன்றைக்கு நான் முன்பக்கம் நின்று, சார்ஜரை நாய் கடித்துவிட்டு வாரண்டி கேட்ட ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் முக்காலி சாயும் சத்தம் கேட்டது. "ஏய் வாலு, என்னத்தடி ஒடச்ச?" என்று திரும்பாமலே கத்தினேன். பதில் இல்லை. பத்தொன்பது நாளாக இல்லை. தரையில் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவள் கைக்குள் ஒரு கேபிள் சுருண்டிருந்தது. அதை யார் பார்த்தார்கள் அப்போது!

பூட்டியிருந்த கடையைத் திறந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போனேன். பட்டறைக்கு ஜன்னல் கிடையாது. டியூப்லைட்டைப் போட்டதும், மேசைக்கு அடியில், தரையில், ஒரு சாம்பல் நிறப் பெட்டி கிடப்பது தெரிந்தது. அது என் "வராதவை" டிராயரில் இருந்த பெட்டி. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு ஆள் வராத சாமான்களை அதில் போட்டு வைப்பேன்.

இந்தப் பெட்டியைக் கொடுத்தவரை எனக்கு நினைவிருக்கிறது. எட்டு மாதம் முன்பு, கடும் குளிர்க் காலை. நீளக் கோட்டுப் போட்ட மனிதர். "இது என் தம்பி ஆடினது. மெமரி பேட்டரி தீந்துட்டு இருக்குங்க. மாத்திக் குடுங்க. பெட்டி ஒடஞ்சாலும் பரவால்ல, உள்ள இருக்கறது மட்டும் அழியக் கூடாது," என்றார். ரெண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். வந்தார். நாளைக்கு என்றேன். மறுநாளும் வந்தார். "ஐயா, அவசரம்," என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சார், உசுரா போகுது? நாளைக்கு வாங்க."

அப்புறம் அவர் வரவேயில்லை.

பெட்டியை எடுத்தேன். சில்லிட்டிருந்தது. ஆன் செய்யாமலே திரையில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"மாற்றம் முடியவில்லை. கேபிளை இணைக்கவும்."

அதற்குக் கீழே இரண்டே வரி. முதல் வரியில் எழுத்தெல்லாம் நொறுங்கிப் போயிருந்தது. உற்றுப் பார்த்ததில் "அண்ணன்" என்று படிக்க முடிந்தது. அதற்கு எதிரே படம் இல்லை, வெறும் புள்ளிகள்.

இரண்டாவது வரி, "வாலு."

பெட்டியின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்தது. காதருகே கொண்டுபோனேன். வாலு கணக்குப் போடும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு முனகல் முனகுவாள். அந்த முனகல்.

 முக்காலியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். ஏனென்றால் அவள் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த திருட்டு வேலை அது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும்போது, சரியான நேரத்தில் நடுவில் கேபிளை இழுத்துவிட்டால், கொடுத்ததும் நம்மிடமே இருக்கும், வாங்கியதும் வந்துவிடும். "ரெண்டு பக்கமும் இருக்கும்டி வாலு, பாரு," என்று பெருமையாகச் செய்து காட்டியிருந்தேன். தன் பெயர் வைத்த தவளையைக் கொடுத்துக் கட்டானை வாங்கியிருக்கிறாள். நடுவில் இழுத்திருக்கிறாள்.

ரெண்டு பக்கமும் இல்லாமல் போய்விட்டாள்.

பெட்டியைத் திருப்பி நான்கு திருகையும் கழற்றினேன். உள்ளே சட்டைப் பொத்தான் அளவுக்கு மெமரி பேட்டரி. மீட்டரை வைத்துப் பார்த்தேன். மூன்று வோல்ட் இருக்க வேண்டியது, ஒன்று புள்ளி ஒன்பது. நான் பார்க்கப் பார்க்க ஒன்று புள்ளி எட்டு. அது தீர்ந்தால் உள்ளே இருப்பது அழியும்.

ஃபோன் அடித்தது. மனைவி.

"ஏங்க… அம்பதுக்கு வந்துருச்சுங்க. டாக்டர் ஓடி வந்தாங்க. சீக்கிரம் வாங்க."

"ஃபோன வைக்காத. ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பக்கத்துலயே இரு."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"நம்பர மட்டும் சொல்லிட்டே இரும்மா. தயவு பண்ணி."

இந்த வேலையில் பழைய பேட்டரியை முதலில் கழற்றக் கூடாது. அதன் கால்களிலேயே புதுசின் இரண்டு வயரையும் பற்ற வைத்துவிட்டு, அப்புறம்தான் பழசை வெட்ட வேண்டும். நடுவில் ஒரு கணம் மின்சாரம் போனாலும் போச்சு. ஆயிரம் தடவை செய்திருப்பேன், பாட்டுக் கேட்டுக்கொண்டே. இப்போது முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு சால்டரிங் முனையை வைத்தேன். ஈயம் உருகிப் புகை எழுந்தது. கண்ணை மறைக்காமலிருக்க ஃபூ என்று ஊதினேன். புகை கலைந்தது.

"நாப்பத்தி நாலு," என்றாள் ஃபோனில். அழுதுகொண்டிருந்தாள்.

இரண்டாவது கால். ஊதினேன்.

"நாப்பது… ஏங்க…"

பழசை வெட்டினேன்.

ஃபோனின் மேல் குனிந்தேன்.

"சொல்லும்மா!"

"அம்பத்தெட்டு," என்றாள். "அறுபத்தி நாலு. ஏறுதுங்க. கடவுளே, ஏறுதுங்க."

மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். வெட்கமென்ன, கடையில் யார் இருக்கிறார்கள்? ஆனாலும் வேலை முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு டிராயரிலிருந்து வேறொரு கேபிளை எடுத்து, ஒரு முனையைச் சாம்பல் பெட்டியிலும் மறு முனையை மஞ்சள் பெட்டியிலும் செருகினேன்.

கட்டான் தலையைத் தூக்கியது.

அவள் மூச்சு அதனிடம் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு வாலுவை வாங்க வேண்டும், அவ்வளவுதான். கட்டானைத் தேர்ந்தெடுத்து, மாற்று என்று அழுத்தினேன். மஞ்சள் திரை கறுத்தது. எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. இந்த விளையாட்டில் அப்படி ஒரு வசனம் கிடையாது. எனக்குத் தெரியும், கிடையாது.

"தனியாக வராது."

அப்புறம்,

"யாரைக் கூட்டி வருவது?"

கீழே வாலுவின் பட்டியல் விரிந்தது. முள்ளம்பன்றியும் இல்லை, பறவையும் இல்லை. பெயர்கள் மட்டும். அப்பா. அம்மா. சித்தி. அவள் வகுப்புத் தோழியின் பெயர்கூட இருந்தது. எல்லாவற்றுக்கும் எதிரே ஒவ்வொரு கட்டம், ஒவ்வொன்றும் ஏறி இறங்கியது.

சாம்பல் பெட்டியில் நொறுங்கிக் கிடந்த "அண்ணன்" என்ற வரியைப் பார்த்தேன். அந்தக் குளிர்க் காலை அப்போதுதான் சரியாக நினைவுக்கு வந்தது. கடையில் நின்ற எல்லோர் வாயிலும் புகை வந்தது. பேசப் பேச என் வாயிலும் வந்தது. கோட்டுக்காரர் வாயில் வரவில்லை.

அவர் தம்பிக்காகத் தன் மூச்சை இந்தப் பெட்டிக்குள் கொடுத்திருக்கிறார். அது அழிவதற்குள் பேட்டரியை மாற்றத்தான் வந்திருக்கிறார். நான் நாளைக்கு வாங்க என்றிருக்கிறேன்.

"அப்பா" என்ற வரிக்கு அம்புக்குறியைக் கொண்டுபோய் அழுத்தினேன். பெரிய தியாகம் என்றெல்லாம் நினைக்காதீர்கள். யோசிக்க அதில் ஒன்றுமில்லை.

மாற்றம் தொடங்கியது. கேபிளுக்குள் ஏதோ ஊர்ந்து போவது விரலுக்குத் தெரிந்தது. பாதிக் கோடு நிறைந்தபோது, மாயம்போல என் வலது கை எழுந்து கேபிளைப் பிடித்தது. இந்தக் கணம்தான். இப்போது இழுத்தால் நானும் இருப்பேன், அவளும் வருவாள். இருபது வருடப் பழக்கம், கை தானாகவே போகிறது. இடது கையால் வலது கையைப் பிடித்து மேசையோடு அழுத்திக்கொண்டேன்.

கோடு நிறைந்தது.

நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. வலி இல்லை.

"ஏங்க!" என்று அலறினாள் மனைவி. "குழாயக் கடிக்கிறா! மெஷினோட சண்டை போடறா! டாக்டர், பாருங்க… தானா மூச்சு விடறா! நம்ம வாலு தானா மூச்சு விடறா!"

நான் சிரித்தேன். சத்தம் வந்தது.

நான்காம் நாள் வாலு எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். டாக்டர், அதிசயம் என்று கைகுலுக்கினார். நான் கடையைத் திறந்து, முதல் வேலையாக யாருடைய ஃபோனையோ பிரித்து, ஈயத்தை உருக்கி, புகையை ஊதினேன்.

புகை நேராக மேலே போனது.

இன்னும் குனிந்து ஊதினேன். என் உதட்டுக்கு முன்னால், வளையாமல், கலையாமல், நூல் பிடித்த மாதிரி மேலே போனது.

அதிலிருந்து மூன்று மாதம் ஆகிறது. பேசினால் குரல் வருகிறது, எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். சாப்பிடுகிறேன், வேலை பார்க்கிறேன், களைப்பதே இல்லை. மனைவி பக்கத்தில் படுத்தால் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்கிறேன். ஐந்து மாடி ஒரே ஓட்டமாக ஏறி நின்றால் எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது, நான் சும்மா நிற்கிறேன். சாம்பல் பெட்டியை டிராயரில் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை, இருக்கிறதோ தீர்ந்ததோ, பேட்டரியை மாற்றுகிறேன். மாற்றும்போதெல்லாம் திரையைப் பார்த்துவிடுவேன். கட்டான் நிற்கும். என் மூச்சில் ஏறி இறங்கும். நாளைக்கு வாங்க என்று இப்போது யாரிடமும் நான் சொல்வதில்லை.

இன்று சனிக்கிழமை, வாலுவுக்குப் பள்ளி இல்லை. மதியம் கடைக்கு எதிரே யாரோ வண்டி நிறுத்தியதில் தகராறு, போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தேன். இடுப்பைத் தடவினால் சாவி இல்லை. காலையில் அவள் என்னைக் கட்டிக்கொண்டு, நெஞ்சில் காதை வைத்து, வெகுநேரம் அப்படியே நின்றது ஞாபகம் வந்தது.

பட்டறைக் கதவைத் தள்ளினேன்.

முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் பெட்டி. மேசையில் சாம்பல் பெட்டி. நடுவே கேபிள். திரை வெளிச்சத்தில் அவள் கன்னம் ஈரமாக இருந்தது.

"என் லிஸ்ட்ல அப்பாவக் காணோம்," என்றாள். "இதுக்குள்ளதான் இருக்கீங்க. நான் பாத்துட்டேன்."

"வாலு, கண்ணா… அதத் தொடாத. அப்பா சொல்றேன்ல. கையை எடு."

"நீங்க மூச்சே விடலப்பா. ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பாத்தேன். எனக்கு பயமா இருக்கு."

"எடுடி கையை!"

நான் கத்தத்தான் செய்தேன். நெஞ்சில் காற்று இல்லாதவன் கத்தினால் எவ்வளவு சத்தம் வரும்? ரேடியோவைக் குறைத்து வைத்த மாதிரி வந்தது. மேசைக்கும் எனக்கும் நடுவே ஆறடி. சாம்பல் திரையில் கேள்வி வந்துவிட்டது, யாரைக் கூட்டி வருவது என்று. அதற்குக் கீழே அவள் தன் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கோடு பாதி நிறைந்திருந்தது.

அவள் விரல் கேபிளைச் சுற்றியது. என்னைப் பார்த்து, எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி, அழுகையோடு சிரித்தாள்.

"பயப்படாதீங்கப்பா. நடுவுல இழுத்துட்டா ரெண்டு பக்கமும் இருக்கும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

திரையில் கட்டான் ஏறி இறங்குவதை நிறுத்தியது.

என் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது காத்திருந்தது.